ஆளில்லாக் கப்பல் கேள்வி-பதில்: 3 டிகிரி திரும்பினால் யாருக்குத் தெரியும்?

கே: கப்பலுக்கு வழி தேடும் நிரலுக்கு ஏ-ஸ்டாரா (வரைபடத்தில் குறைந்த தூர வழி தேடும் முறை), ஆர்ஆர்டியா (தற்செயலாகப் புள்ளி போட்டுக் கிளை விட்டு வழி தேடும் முறை), எது நல்லது?
எதற்கு? கப்பல் எவ்வளவு பெரியது, என்ன வேகம், ஒன்றும் எழுதவில்லை. வரைபடத்தில் தீவையும் ஆழமில்லாத இடத்தையும் சுற்றி வழி போட ஏ-ஸ்டார் போதும். நகரும் கப்பலை ஒதுக்க வெலாசிட்டி அப்ஸ்டகிள் (மோதலில் முடியும் வேகத்தையும் திசையையும் தவிர்க்கும் முறை) மாதிரி ஏதாவது வேண்டும். ஏ-ஸ்டார் தரும் கூர்மூலைகளை அப்படியே சுக்கானுக்கு அனுப்பாதீர்கள், திரும்பி முடிக்கவே கப்பலுக்குத் தன் நீளத்தைப் போல் சில மடங்கு இடம் வேண்டும்.

கே: பொட்டென்ஷியல் ஃபீல்டில் (இலக்கு இழுக்கும், தடை தள்ளும் என்று கணக்கிடும் முறை) கப்பல் தீவுக்கு முன்னால் அப்படியே நின்றுவிடுகிறது.
நிற்கத்தான் செய்யும், லோக்கல் மினிமம் (இழுப்பும் தள்ளலும் சமமாகிச் சிக்கிக்கொள்ளும் இடம்). மேலே ஒரு வழித்திட்டம் இல்லாமல் அதைத் தனியாக ஓட்டக்கூடாது.

கே: எதிர்க்கப்பல் வலப்புறம் 30 டிகிரியில் வருகிறது. என் ஆப்டிமைசர் 3, 3 டிகிரியாகத் திருப்பியே சிபிஏ-வைக் (இரு கப்பலும் மிக நெருங்கும்போது இருக்கும் தூரம்) காப்பாற்றிவிடுகிறது, எரிபொருளும் மிச்சம். சரிதானே?
இல்லை. மாதம் தவறாமல் இது வருகிறது, கோல்ரெக் (கடலில் மோதல் தடுக்கும் சர்வதேச விதிகள்) விதி 8-ஐ யாரும் படிப்பதில்லை போலும். திருப்பம் எதிர்க்கப்பலுக்குக் கண்ணிலோ ரேடாரிலோ பளிச்சென்று தெரிய வேண்டும், சின்னச் சின்னதாகத் திருப்பிக்கொண்டே போகாதே என்று அதில் நேராகவே எழுதியிருக்கிறது. இரவில் எதிர்க்கப்பலின் பிரிட்ஜில் (கப்பலை ஓட்டும் அறையில்) நிற்பவருக்கு உங்கள் பச்சை விளக்குதான் தெரிகிறது (வலப்பக்க விளக்கு பச்சை, இடப்பக்கம் சிவப்பு). ஒரே மூச்சில் 40 டிகிரி வலப்புறம் திரும்பினால் பச்சை போய்ச் சிவப்பு வரும், ‘சரி, பின்னால் போகிறான்’ என்று அவர் தன் வழியில் போவார். 3 டிகிரிக்கு அவர் கண்ணில் ஒன்றுமே மாறாது. ரேடார் கணிப்பு நிலைப்படவும் ஏறக்குறைய 3 நிமிடம் ஆகும், அதற்குள் நீங்கள் நாலு தடவை திருப்பியிருப்பீர்கள். பொறுமை இழந்து அவரும் திரும்பினால், அதுவும் இடப்புறம் திரும்பினால், உங்கள் அழகான சிபிஏ எங்கே போகும்? குறைந்தபட்சத் திருப்பம் 30 டிகிரி என்று வையுங்கள் (விதியில் எண் கிடையாது, நடைமுறைக் கணக்கு), எடுத்த முடிவை அடிக்கடி மாற்றினால் தண்டனைப் புள்ளி போடுங்கள். எரிபொருள் கணக்கை அப்புறம் பார்க்கலாம்.

கே: ஏஐஎஸ் (கப்பல் தன் இடத்தையும் வேகத்தையும் தானே வானொலியில் அறிவிக்கும் கருவி) மட்டும் போதாதா?
போதாது. சர்வதேசப் பயணத்தில் மொத்த டன்னேஜ் (கப்பலின் கொள்ளளவு) 300-ஓ அதற்கு மேலோ என்றால் கட்டாயம், சின்ன மீன்பிடிப் படகு பலவற்றில் அது இருக்காது. ரேடார், கேமரா இரண்டும் வேண்டும்.

கே: பாதுகாப்புத் தூரம் 500 வைத்தேன். போதுமா?
500 என்ன? மீட்டரா, அடியா? அலகு எழுதுங்கள் என்று எத்தனை தடவை சொல்வது!

கே: மூடுபனியில் யார் வழிவிட வேண்டும்?
ஒருவரை ஒருவர் கண்ணால் பார்க்க முடியாதபோது விதி 19, இரண்டு பேருக்கும் பொறுப்பு. ‘வழி எனக்கு’ என்ற பேச்சே அங்கே இல்லை. ஏஐஎஸ்-ஐ மட்டும் நம்பாதீர்கள், இங்கேயும்தான்.

கே: வழிவிட வேண்டியது அவர் என்றால் என் கப்பல் சும்மா போகலாம்தானே?
முதலில் வழியும் வேகமும் மாறாமல் போகணும். அவர் விலகவில்லை என்று தெரிந்தால் நீங்கள் விலகலாம், அவர் மட்டும் விலகினால் தப்பாது என்ற நிலை வந்தால் விலகியே ஆக வேண்டும். விதி 17-ஐ இப்படிப் படிப்படியாக நிரலில் எழுதுங்கள். இடப்புறத்திலிருந்து குறுக்கே வருபவருக்காக இடப்புறமே திரும்பாதீர்கள்.