தம்பிக்கு லெவெடிராசெட்டம் என்ற வலிப்பு மாத்திரை தொடங்கியபின் வந்த கோபம்: மாத்திரையை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்று இரவு மாத்திரையையும் கொடுத்துவிடுங்கள். திடீரென விட்டால் வலிப்பு முன்பைவிடக் கடுமையாகத் திரும்பலாம், அடங்காமல் தொடரவும் செய்யலாம்.

வலிப்பு நின்றது, ஆனால் கதவை அறைகிறான், அப்புறம் உட்கார்ந்து அழுகிறான் என்கிறீர்கள். நான் முதலில் சந்தேகப்படுவது மருந்தைத்தான். எரிச்சல், கோபம், மனச்சோர்வு எல்லாம் லெவெடிராசெட்டத்தின் தெரிந்த பக்க விளைவுகள். பாவம், அவன் வேண்டுமென்று செய்யவில்லை. பெரியம்மா சொல்வதுபோல் காத்துக் கறுப்பும் இல்லை.

ஒரு நோட்டில் மாத்திரை தொடங்கிய தேதி, அளவு கூட்டிய தேதி, கோபம் வந்த நாட்கள், தூங்கிய நேரம் எல்லாவற்றையும் எழுதுங்கள். காவடி விரதம் என்று மாத்திரையைத் தவறவிட்டானா, இரவில் கண்விழித்தானா என்பதையும் சேருங்கள். அளவு கூடியதை ஒட்டிக் கோபமும் கூடியிருந்தால், அடுத்த தேதிவரை காத்திருக்காமல் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் அவனைப் பார்க்கும் டாக்டரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அளவைக் குறைக்கவோ, மெல்ல வேறு மருந்துக்கு மாற்றவோ அவரால் முடியும்.

எல்லாப் பழியையும் மாத்திரைமேல் போடவும் முடியாது. வலிப்பு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு பொதுவாகவே அதிகம். கார் ஓட்டக் கூடாது என்றதும் வேலை போனதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் துக்கத்துக்கும் தனியாகக் கவனிப்பு வேண்டும்.

சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று அவனிடம் நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியாக விடாமல் அன்றே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், தென்னாப்பிரிக்காவில் ஆம்புலன்ஸுக்கு 10177. மாத்திரைப் பெட்டி உங்கள் கையில் இருக்கட்டும், வேளைக்கு எடுத்துக் கொடுங்கள்.