‘சரி சார்’ என்றால் சரி என்று பொருளா?

கேள்வி: ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் மனிதவளப் பிரிவைக் கவனிக்கிறேன். ஜப்பானியத் தாய் நிறுவனத்திலிருந்து மூன்று பொறியாளர்கள் வந்து ஆறு மாதமாகிறது. மாலை போட்டு வரவேற்றோம், பொங்கலுக்கு வேட்டி கட்டிவிட்டோம், எங்கள் ஆட்களுக்கு ஜப்பானியப் பண்பாடு பற்றி வகுப்பும் நடத்தினோம். இருந்தும் மதியம் மூவரும் தனி மேசையில்தான் சாப்பிடுகிறார்கள். “எல்லாவற்றுக்கும் சரி என்கிறார்கள், செய்வதில்லை” என்பது அவர்கள் புகார். “மணிக்கு ஒரு தடவை வந்து என்ன ஆயிற்று என்று கேட்டு உயிரை வாங்குகிறார்கள்” என்பது எங்கள் சூப்பர்வைசர்களின் புகார். ஒருவர் ஊருக்கே திரும்பிவிட நினைப்பதாகக் கேள்வி. இன்னும் நான் என்ன செய்ய வேண்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: வேட்டி கட்டிய படம் கம்பெனி காலண்டருக்கு ஆகும். சிக்கல் இருப்பது நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த இரண்டு புகார்களில். இரண்டும் ஒரே புகார்தான்.

நான் முன்பு வேலை பார்த்த ஆலையில் எங்கள் கொள்முதல் மேலாளர் ஒரு விலைப்பட்டியலை வரிவரியாகப் படித்தார். எதிரே இருந்த ஜப்பானியர் ஒவ்வொரு வரிக்கும் தலையசைத்து ‘ஹாய்’ என்றார். மொத்தம் பதினோரு ஹாய். இவரும் பதினோரு வரியிலும் டிக் அடித்துவிட்டு வந்தார். மறுநாள் வந்த மின்னஞ்சலில் ஒன்றுக்கும் ஒப்புதல் இல்லை. ‘ஹாய்’ என்பதற்கு ஆமாம் என்று பொருள் உண்டுதான். ஆனால் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது இடையிடையே சொன்னால் அது நாம் ‘உம்’ கொட்டுவது போல. கேட்கிறேன், மேலே சொல்லுங்கள், அவ்வளவுதான். உங்கள் சூப்பர்வைசரின் ‘சரி சார்’ அதே ரகம்.

முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல இரு தரப்புக்குமே நாக்கு எழாது. அவர் ‘கொஞ்சம் கடினம்’ என்று இழுத்தால் நடக்காது என்று அர்த்தம். நாம் ‘பார்க்கலாம் சார்’ என்றால்? உங்கள் வகுப்பில் ஜப்பானியர் வேறு, நாம் வேறு என்று சொல்லிக் கொடுத்திருந்தால் அதுவே தப்பான பாடம்.

மணிக்கு ஒரு தடவை கேட்பதும் நச்சரிப்பு அல்ல. ஜப்பானிய அலுவலகங்களில் ‘ஹோரென்சோ’ என்பார்கள். ஹோகோகு என்றால் அறிக்கை தருவது, ரென்ராகு என்றால் தகவல் சொல்வது, சோதான் என்றால் கலந்து கேட்பது. மூன்றின் தொடக்கத்தையும் சேர்த்தால் பசலைக்கீரை வகை ஒன்றின் பெயர் வரும், அதனால் புதிதாகச் சேர்ந்தவனுக்கும் மறக்காது. கீழே இருப்பவர் தானாக வந்து சொல்ல வேண்டும். வராவிட்டால் மேலே இருப்பவர் பதறிப்போய்த் தேடி வருவார். நம் சூப்பர்வைசருக்கோ ‘முடிந்தது சார்’ என்று போய் நிற்பதில்தான் கௌரவம். பாதியில் போய் ‘டை அச்சு விரிசல் விட்டிருக்கிறது’ என்று சொன்னால் அவருக்கு என்ன நடக்கும்? கெட்ட செய்தி கொண்டுவந்தவரைப் பத்துப் பேர் முன்னிலையில் கத்துகிறவராக உங்கள் உற்பத்தி மேலாளர் இருந்தால், முதல் வகுப்பு அவருக்குத்தான் தேவை.

ஒரு மாதம் இப்படிச் செய்து பாருங்கள். ஷிப்ட் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து, பொறியாளரும் சூப்பர்வைசரும் லைன் ஓரத்தில் நின்றபடியே ஐந்து நிமிடம் பேசட்டும். அந்த ஐந்து நிமிடத்தில் ‘சரி’ என்ற சொல்லுக்குத் தடை. புரிந்துகொண்டதைச் சூப்பர்வைசர் திருப்பிச் சொல்ல வேண்டும்: எத்தனை உருப்படி, எத்தனை மணிக்குள், எது இடிக்கிறது. மொழி தடுக்கினால் பலகையில் எழுதட்டும், பழுதான பாகத்தையே கையில் எடுத்துக் காட்டட்டும். பொறியாளர்களும் ‘முடியுமா?’ என்று கேட்பதை விடவேண்டும். அந்தக் கேள்விக்கு நம் ஊரில் விடை ஒன்றுதான். ‘எப்போது முடியும், அதற்கு என்ன வேண்டும்?’ என்று கேட்கச் சொல்லுங்கள். ஆர்வமுள்ள சூப்பர்வைசர் இருவரைச் சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசொகாய் நடத்தும் ஜப்பானிய வகுப்புக்குக் கம்பெனி செலவில் அனுப்பலாம். ஜப்பானிய மொழித் தேர்வில் தொடக்க நிலையான என்5 தேறியதும் தொழிற்சாலைப் பேச்சு வந்துவிடாது, கூச்சம் போகும்.

மதியச் சாப்பாட்டை விட்டுவிடுங்கள். காலை முழுவதும் அந்நிய மொழியோடு மல்லுக்கட்டியவருக்கு அரை மணி நேரம் தாய்மொழி வேண்டும். துபாய் போன நம் பிள்ளைகள் கேன்டீனில் யாரோடு உட்காருகிறார்கள்?

திரும்பிவிட நினைப்பவர் விஷயம் வேறு. முதலில் அவருடைய சம்பளச் சீட்டைப் பாருங்கள். இந்தியா–ஜப்பான் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஜப்பானிலிருந்து உரிய சான்றிதழ் வாங்கி வந்தவருக்கு இங்கே பிஎஃப் பிடிக்க வேண்டியதில்லை. அந்தத் தாள் இல்லையென்றால் நம்மவர்களுக்குள்ள சம்பள உச்சவரம்பு அவருக்குப் பொருந்தாது, முழுச் சம்பளத்துக்கும் பிடித்தம் உண்டு. பிறகு வீட்டைப் பாருங்கள். மனைவி கூட வந்திருக்கிறாரா, பகல் முழுவதும் அடுக்குமாடியில் தனியாக என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டதுண்டா? இதையெல்லாம் கூட்டம் போட்டுக் கேட்டால் ‘பிரச்சினை ஒன்றுமில்லை’ என்றுதான் பதில் வரும். ஒரு நாள் மாலை அவருடைய காரிலேயே சென்னை வரை போய் வாருங்கள். சாலை நெரிசலில் பேசுவதற்கு வேண்டிய நேரம் கிடைக்கும்.