‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்கும் ஹார்ட் டிஸ்க்

கேள்வி: நங்கநல்லூரில் இருக்கிறோம். எங்கள் வீட்டில் 2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று இருக்கிறது. அப்பாவின் சதாபிஷேக வீடியோ, பல வருடக் குடும்பப் படங்கள், கணவரின் கடைக்கான டேலி கணக்கு எல்லாம் அதில்தான். ஒரு மாதமாகவே ஃபைல் திறக்க ரொம்ப நேரம் எடுத்தது. போன வாரம் காப்பி ஆகிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய் வந்தது. அதிலிருந்து செருகினாலே ‘டிஸ்கை ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸ் கேட்கிறது. நடுநடுவே டிக் டிக் என்று சத்தம் வேறு. ஃப்ரீசரில் வைத்து எடுக்கலாம் என்கிறான் அக்கா மகன். டிஸ்கின் சர்க்யூட் போர்டை மாற்றினால் போதும் என்கிறார் ஒரு கடைக்காரர். கணவர் ரெக்கவரி சாஃப்ட்வேர் ஒன்றை டவுன்லோட் செய்து வைத்திருக்கிறார். எதை நம்புவது?

பதில்: டிஸ்க் இப்போது கம்ப்யூட்டரில் செருகியிருந்தால் முதலில் கழற்றி வைத்துவிடுங்கள். ‘இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போமே’ என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், உள்ளே இருப்பதில் பெரும்பகுதி இன்னும் அப்படியேதான் இருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறை கரண்ட் கொடுக்கும்போதும் அதை எடுப்பதற்கான வாய்ப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது.

கரண்ட் போனதுதான் காரணம் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு மாதமாக மெதுவாக ஓடியது என்கிறீர்கள். பேட் செக்டர், அதாவது படிக்க முடியாமல் கெட்டுப்போன இடங்கள், பெருகும்போதோ, டேட்டாவைப் படிக்கும் பாகமான ஹெட் பலவீனமாகும்போதோ டிஸ்க் அப்படித்தான் நடந்துகொள்ளும். படிக்க முடியாத இடம் வந்தால் ஹார்ட் டிஸ்க் விட்டுவிட்டுப் போகாது, அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். வெளியே இருந்து பார்க்கும் நமக்கு ‘ஸ்லோவாக இருக்கிறது’ என்று மட்டும் தெரியும். ஏற்கெனவே நொந்து போயிருந்த டிஸ்குக்குக் கரண்ட் போனது கடைசி அடி, அவ்வளவுதான்.

அந்த டிக் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் மீதி விஷயம் தானாகப் புரியும். உங்களுடையது போன்ற சின்ன டிஸ்கில் தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். படிக்கும் ஹெட் தட்டைத் தொடாது, சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடி படிக்கும். சிகரெட் புகையின் துகள்கூட அந்த இடைவெளியைவிடப் பெரியது. ஹெட் தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளத் தட்டிலேயே அடையாளங்கள் எழுதியிருக்கும். அவை கிடைக்காவிட்டால் ஹெட்டைத் தாங்கும் கை பின்னால் வந்து மறுபடி தேடப் போகும். போய் வரும் சத்தம்தான் அந்த டிக். எப்போதாவது வருகிறது என்றால் ஹெட் இன்னும் முழுதாகச் செத்துவிடவில்லை என்று அர்த்தம், உங்களுக்கு அது நல்ல செய்தி. இடைவிடாமல் அடித்தால் நிலைமை மோசம். உரசுகிற மாதிரிச் சத்தம் வந்தால் ஹெட் தட்டையே தேய்க்கிறது, ஒரு நொடிகூட ஓட விடக்கூடாது. மெல்லிய பீப் மட்டும் கேட்டு, சுற்றவே இல்லை என்றால் ஹெட் தட்டில் ஒட்டிக்கொண்டோ மோட்டார் இறுகியோ இருக்கும்.

விண்டோஸ் கேட்பதற்கு ‘கேன்சல்’ ஒன்றுதான் பதில். எந்த ஃபைல் எங்கே என்ற பட்டியலை அதனால் படிக்க முடியவில்லை, அதனால் டிஸ்க் காலி என்று எடுத்துக்கொண்டு ஃபார்மட் செய்யவா என்கிறது. குயிக் ஃபார்மட் என்றால் பழைய பட்டியல் மேல் புதுப் பட்டியலை எழுதும். முழு ஃபார்மட் என்றால், விஸ்டா முதல் வந்த விண்டோஸில், டிஸ்க் முழுக்கப் பூஜ்யத்தை நிரப்பும். அதற்கப்புறம் யாராலும் எடுக்க முடியாது. விண்டோஸோடு வரும் செக்டிஸ்க் புரோகிராமை ஓட்டலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். ஃபைல் சிஸ்டத்தை, அதாவது அந்தப் பட்டியலை, ஒழுங்காக்குவதுதான் அதன் வேலை, உங்கள் ஃபைலைக் காப்பாற்றுவது இல்லை. ஒழுங்குக்கு வராத பதிவுகளை அது வெட்டி எறிந்துவிடும்.

உங்கள் கணவர் இறக்கி வைத்திருக்கும் சாஃப்ட்வேர் கெட்டது இல்லை. நல்ல டிஸ்கில் தவறுதலாக டிலீட் ஆனதை எடுக்க அந்த மாதிரிச் சாஃப்ட்வேர்தான் சரி. டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் இரண்டும் இலவசம், நம்பகமானவை. ஆனால் நோயாளி டிஸ்கின் மேல் நேரடியாக ஓட்டினால் முதல் செக்டரிலிருந்து கடைசி வரை தேடும், மோசமான இடம் வந்ததும் அங்கேயே மணிக்கணக்கில் முட்டிக்கொண்டு நிற்கும். அதற்குள் ஹெட் போய்விடும். தொட்டாலே உதிர்கிற பழைய பத்திரத்தை முதலில் ஜெராக்ஸ் எடுத்துவிட்டு, அப்புறம் ஜெராக்ஸை வைத்துத்தானே படிப்போம்? இதுவும் அப்படித்தான். முதலில் டிஸ்கின் முழு நகலை இன்னொரு நல்ல டிஸ்கில் எடுக்க வேண்டும், இமேஜ் என்பார்கள். தேடுவதெல்லாம் அந்த இமேஜில்தான்.

லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற இலவச புரோகிராம் இதைச் செய்யும். நன்றாகப் படிக்க முடிகிற இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, மோசமான இடங்களைத் தாண்டிப் போய், கடைசியில்தான் அவற்றுக்குத் திரும்பி வரும். எது முடிந்தது, எது பாக்கி என்று ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொள்வதால், நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆரோக்கியமான 2 டிபி டிஸ்கை நொடிக்கு 100 எம்பி வேகத்தில் நகலெடுக்கவே ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கெட்ட டிஸ்க் நாள்கணக்கில் இழுக்கும். சத்தமே இல்லாத, சரியான கொள்ளளவைக் காட்டுகிற டிஸ்க் என்றால் லினக்ஸ் பழக்கமுள்ள ஒருவரை வீட்டிலேயே செய்யச் சொல்வேன். டிக் சத்தம் வரும் டிஸ்கில், அதுவும் திரும்ப எடுக்கவே முடியாத வீடியோ இருக்கும்போது, சொல்ல மாட்டேன்.

ஃப்ரீசர் யோசனை பழைய காலத்துக் கதை. சென்னைக் காற்றின் ஈரப்பதத்தில் ஃப்ரீசரிலிருந்து எடுத்த எவர்சில்வர் டப்பா எப்படி வியர்க்கும் என்று உங்களுக்குத் தெரியும். இந்த வகை டிஸ்குகளில் காற்று போய்வர ஒரு சின்னத் துளை உண்டு. அங்கிருக்கும் ஃபில்டர் தூசியைத் தடுக்கும், நீராவியைத் தடுக்காது. உள்ளே தட்டில் ஈரம் படிந்து, அதன் மேல் ஹெட் ஓடினால் முடிந்தது கதை. மழைக்காலம் வேறு வருகிறது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: 2015லும் 2023 டிசம்பரிலும் வந்த மாதிரி வெள்ளம் வந்து டிஸ்க் நனைந்துவிட்டால் வெயிலில் காயவைக்காதீர்கள். காயக் காயச் சேறும் உப்பும் தட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடு ஒரு பையில் போட்டு இறுக மூடி, ரெக்கவரி செய்பவரிடம் கொண்டு போங்கள்.

போர்டு மாற்றச் சொன்ன கடைக்காரர் விஷயத்துக்கு வருவோம். உங்கள் டிஸ்க் சுற்றுகிறது, கம்ப்யூட்டருக்கு அது இருப்பது தெரிகிறது. அப்படியானால் போர்டு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. செருகினால் எந்த அசைவும் இல்லை, கருகிய வாசனை வருகிறது, தனி அடாப்டர் வைத்த பெரிய டிஸ்கில் லேப்டாப் அடாப்டரை மாற்றிச் செருகிவிட்டார்கள் என்றால்தான் போர்டைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும், அதே மாடல் போர்டு ஒன்றை வாங்கி மாட்டினால் ஓடிவிடாது. பெரும்பாலான டிஸ்குகளில் அந்தந்த டிஸ்குக்கே உரிய அளவீடுகள் போர்டிலுள்ள எட்டுக்கால் ‘ரோம்’ சிப்பில் இருக்கும். அதைப் பெயர்த்துப் புதுப் போர்டில் ஒட்ட வேண்டும். சத்தத்தைக்கூடக் கேட்காமல் போர்டு என்று தீர்ப்பு சொன்னவரிடம் இந்த டிஸ்கைக் கொடுக்காதீர்கள். கேஸைப் பிரித்து உள்ளே இருக்கும் டிரைவை நேராகச் செருகலாம் என்ற யோசனையும் வரும். டபிள்யூடி மை பாஸ்போர்ட் போன்றவற்றில் யூஎஸ்பி பகுதியே டேட்டாவைப் பூட்டி எழுதும் மாடல்கள் உண்டு. அந்தப் பகுதியைத் தாண்டிப் போனால் குப்பைதான் தெரியும்.

சரி, யாரிடம் போவது? எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு உங்களுக்குத் தூரமில்லை. நங்கநல்லூர் ரோடு ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடந்தே போகலாம். ஆனால் ‘டேட்டா ரெக்கவரி’ என்று போர்டு மாட்டிய எல்லாக் கடையிலும் அந்த வேலை நடப்பதில்லை. வாங்கி வைத்து வேறு இடத்துக்கு அனுப்பும் கடைகளும் உண்டு. அது தப்பில்லை, எங்கே போகிறது என்று சொன்னால் சரி. பிசி-3000 வைத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். தொழில்முறையாகச் செய்கிறவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் கருவி அது, கேள்வியைக் கேட்டதும் எதிரே இருப்பவர் முகமே பாதி பதில் சொல்லிவிடும். ஹெட் மாற்ற நேர்ந்தால் எங்கே வைத்துத் திறப்பீர்கள் என்றும் கேளுங்கள். வடிகட்டிய காற்று ஓடும் கிளீன் பெஞ்ச் வேண்டும். மேலே ஃபேன் சுற்றும் கவுன்டரிலேயே ஸ்க்ரூடிரைவரை எடுத்தால் டிஸ்கை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கொடுப்பதற்கு முன் லேபிள், சீரியல் நம்பர், ஸ்க்ரூ எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜாப் ஷீட்டில் சீரியல் நம்பர் எழுதியிருக்க வேண்டும். ‘டேட்டா வந்தால் மட்டும் காசு’ என்பவரிடம், ஹெட்டைக் கழற்றி எடுப்பதற்காக அதே மாடலில் இன்னொரு டிஸ்க் (டோனர் டிஸ்க் என்பார்கள்) வாங்க நேர்ந்தால் அந்தச் செலவு யாருடையது என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஹெட் மாற்றும் வரை போனால் செலவு டிஸ்கின் விலையைப்போலப் பல மடங்கு ஆகும். வாங்கிய பெட்டி இருந்தால் அதையும் பாருங்கள், சில சீகேட் டிஸ்குகளோடு ரெஸ்க்யூ என்ற மீட்புச் சேவை சேர்ந்தே வரும்.

செலவை முடிவு செய்வதற்கு முன் இரண்டு போன் பேசிவிடுங்கள். சதாபிஷேகத்துக்கு வீடியோ எடுத்தவரிடம் எடிட் செய்யாத ஃபுட்டேஜ் இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள், பழைய டிஸ்கைத் தூக்கிப் போடாத வீடியோக்காரர்கள் நிறையப் பேர். அடுத்து உங்கள் ஆடிட்டர். டேலி பேக்கப் அவரிடம் இருக்கலாம், தாக்கல் செய்த ஜிஎஸ்டி ரிட்டர்ன்களைப் போர்ட்டலிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். படங்களில் எத்தனை ஏற்கெனவே போனிலும் உறவினர்களின் வாட்ஸ்அப்பிலும் இருக்கின்றன என்றும் எண்ணிப் பாருங்கள். பாக்கி என்னவோ அதைத்தான் காசு கொடுத்து எடுக்க வேண்டும்.

அந்தப் பாக்கியை ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுங்கள். ஃபோல்டர் பெயர் ‘அப்பா 80’ என்றால் அப்படியே எழுதுங்கள், எந்த வருடம், எந்த மாதிரி ஃபைல் என்பதையும் சேர்த்து. ஃபைல் பட்டியலைப் படிக்க முடிந்தால், பிசி-3000 வைத்திருப்பவரால் டிஸ்க் முழுவதையும் உருட்டாமல் நீங்கள் கேட்ட ஃபோல்டரை மட்டும் முதலில் எடுக்க முடியும். சாகப்போகும் ஹெட்டுக்கு இது பெரிய விஷயம். சினிமாப் பாட்டு ஃபோல்டரைக் காப்பாற்றிவிட்டுச் சதாபிஷேகத்துக்கு வரும்போது டிஸ்க் நின்றுபோனால் யாருக்கு லாபம்?

மீட்டதை வாங்கப் புது டிஸ்க் ஒன்றை நீங்களே கொண்டு போங்கள். பணம் கொடுப்பதற்கு முன் ஃபைல் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். பெயரும் அளவும் சரியாக இருந்தும் உள்ளே வெறும் பூஜ்யமாக இருக்கும் ஃபைல்கள் உண்டு. வீடியோவைத் தொடக்கத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள். டேலியைத் திறந்து போன வருடக் கணக்கு வருகிறதா பாருங்கள். எல்லாம் சரி என்றால், ஆதார், பான் நகல்கள்கூட அதில் இருந்திருக்கும் என்பதால், அவர்களிடம் உள்ள நகலை அழித்துவிட்டதாக எழுதி வாங்கிக்கொண்டு, பழைய டிஸ்கையும் கையோடு கேட்டு வாங்கி வாருங்கள்.