கிரீஸும் ஓட்டோ ரேஹாகெலும்: கேள்வி பதில்

வெளிநாட்டு அணிகளைப் பயிற்றுவித்த ஜெர்மானியர்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் ஓட்டோ ரேஹாகெலைப் பற்றிய கேள்விகள். 2004-இல் கிரீஸை யூரோ கோப்பை (ஐரோப்பிய நாடுகளின் கால்பந்துக் கோப்பை) வெல்லவைத்த பயிற்சியாளர் அவர். எனக்கும் அவரைப் பற்றிப் பேசத்தான் ஆசை. ஒரே ஒரு வேண்டுகோள்: அவர் கதையை 2004 ஜூன் மாதத்தில் தொடங்காதீர்கள். அவர் கிரீஸுக்குப் போன 2001-இல் தொடங்குங்கள்.

கே: கிரீஸுக்குப் போவதற்கு முன் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? பேர் தெரியாத ஆளா?

ஜெர்மனியில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. 1938-இல் எஸ்ஸன் நகரில் பிறந்தவர். 1963-இல் ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான புண்டஸ்லிகா தொடங்கியபோது ஹெர்தா பெர்லினுக்காகத் தற்காப்பில் ஆடினார். பயிற்சியாளரான பிறகு வாங்கிய அடியும் சாதாரணமானதல்ல. 1978-இல் டார்ட்மண்ட் அணி அவர் பொறுப்பில் இருந்தபோது மென்ஷன்கிளாட்பாஹிடம் 12-0 என்று தோற்றது. புண்டஸ்லிகாவில் இன்றுவரை அதைவிடப் பெரிய தோல்வி இல்லை. அதோடு வேலையும் போயிற்று.

அப்புறம் 1981 முதல் 1995 வரை வெர்டர் பிரெமன். பதினான்கு வருடம் ஒரே கிளப்! லீக் பட்டம் இரண்டு முறை, ஜெர்மன் கோப்பை இரண்டு முறை, 1992-இல் ஐரோப்பாவின் 'கோப்பை வென்றோர் கோப்பை'. அங்கிருந்து பேயர்ன் மியூனிக் போனார். ஒரு சீசனை முழுதாக முடிக்கவில்லை. 1996-இல் யூஈஎஃப்ஏ கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு அணியைக் கொண்டுவந்து நிறுத்திய நிலையில் நீக்கப்பட்டார். கோப்பையைத் தூக்கும்போது பயிற்சியாளர் இடத்தில் பெக்கன்பாவர் இருந்தார்.

அடுத்து அவர் போனது இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிப்போன கைசர்ஸ்லாட்டர்னுக்கு. ஒரே வருடத்தில் மேலே ஏற்றினார். ஏறிய முதல் சீசனின் முதல் ஆட்டமே மியூனிக்கில், பேயர்னுக்கு எதிராக. 1-0 வெற்றி. அந்த சீசன் முடிவில், 1998-இல், கைசர்ஸ்லாட்டர்ன் புண்டஸ்லிகா சாம்பியன். அப்போதுதான் ஏறிவந்த ஓர் அணி பட்டம் வென்றது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நான் அவரைக் கவனிக்கத் தொடங்கியது அந்த வருடத்திலிருந்துதான்.

கே: கிரீஸ் அதற்கு முன் எவ்வளவு மோசமான அணி?

பெரிய போட்டி ஒன்றில் ஓர் ஆட்டம்கூட வென்றிராத அணி. 1980 யூரோவில் ஒரே ஒரு டிரா. 1994 உலகக் கோப்பையில் மூன்று ஆட்டமும் தோல்வி. வாங்கியது 10 கோல், போட்டது பூஜ்யம்.

கே: குளோப் பெரியவரா, ரேஹாகெல் பெரியவரா?

ஜெர்மானியரான குளோப், இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப்பில் கிட்டத்தட்ட ஒன்பது வருடம், தினமும் ஆட்டக்காரர்களோடு இருந்து வேலை செய்தார். தேசிய அணிப் பயிற்சியாளருக்கு அவர்கள் கையில் கிடைப்பது வருடத்துக்குச் சில வாரங்கள். இரண்டும் வேறு வேறு வேலை.

கே: கிரேக்க மொழி தெரியாமல் எப்படிச் சமாளித்தார்?

யோவானிஸ் டோபாலிடிஸ் என்ற உதவிப் பயிற்சியாளர் இருந்தார். கிரேக்கர், ஜெர்மன் நன்றாகத் தெரிந்தவர். ரேஹாகெல் ஜெர்மனில் சொல்வதை இவர் உடனுக்குடன் கிரேக்கத்தில் சொல்வார். இவரை வெறும் மொழிபெயர்ப்பாளராக எண்ணிவிடாதீர்கள். வெளியிலிருந்து வந்த ஒருவர் என்ன சொன்னாலும் அது ஆட்டக்காரர் காதில் எந்தத் தொனியில் விழுகிறது என்பதுதான் முக்கியம். அந்தத் தொனி டோபாலிடிஸ் கையில் இருந்தது.

அந்நியராக இருந்ததில் ஒரு லாபமும் உண்டு. ஒலிம்பியாகோஸ், பனாதினைகோஸ், ஏஈகே என்று கிரீஸில் கிளப் பகை கடுமையானது. உள்ளூர்ப் பயிற்சியாளர் யாரைத் தேர்ந்தெடுத்தாலும் இவர் எந்தக் கிளப் ஆள் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். ரேஹாகெல் எந்தப் பக்கமும் இல்லை.

கே: சார், 2004-இல் அதிர்ஷ்டம் அடித்தது, அவ்வளவுதானே?

இதற்குத்தான் 2001-இல் தொடங்குங்கள் என்றேன். அந்த வருடம் செப்டம்பரில் அவருடைய முதல் ஆட்டம், ஹெல்சிங்கியில். பின்லாந்திடம் 5-1 தோல்வி. அடுத்த மாதமே ஓல்ட் டிராஃபோர்டில் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு முறை முன்னிலை. தொண்ணூறு நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்த நேரத்தின் மூன்றாவது நிமிடத்தில் பெக்காம் அடித்த அந்த ஃப்ரீ கிக்கை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அது 2-2 ஆக்கிய கோல். எதிரே நின்றது ரேஹாகெலின் கிரீஸ்.

யூரோ 2004 தகுதிச்சுற்றில் முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி. ஸ்பெயினிடம் 2-0, உக்ரைனிடம் 2-0. அவரைத் தூக்கியிருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு ஆறு ஆட்டம், ஆறும் வெற்றி. அந்த ஆறில் கிரீஸ் வாங்கிய கோல் ஒன்றுகூட இல்லை. 2003 ஜூனில் சரகோசாவில் ஸ்பெயினை அவர்கள் மண்ணிலேயே 1-0 என்று வென்றார்கள். கோல் அடித்தவர் யானகோபுலோஸ். பிரிவில் கிரீஸ் முதலிடம், ஸ்பெயின் இரண்டாமிடம். ஒரு வருடம் கழித்து போர்ச்சுகலில் நடந்தது வானத்திலிருந்து விழுந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கே: அந்த அணி கால்பந்தையே கொன்றது. பத்துப் பேரும் பின்னால் நின்றுகொண்டு, ஒரு கார்னர் கிடைத்தால் தலையால் முட்டி ஜெயிப்பது. இதற்கு இவ்வளவு புகழா?

முழு ஆட்டங்களைப் பார்த்தீர்களா, ஹைலைட்ஸ் மட்டுமா? ஹைலைட்ஸில் கோல்தான் இருக்கும், கிரீஸின் உழைப்பு இருக்காது.

நாக் அவுட்டில் மூன்றும் 1-0, மூன்று கோலும் தலையால் முட்டியவை. உண்மை. ஆனால் பிரான்சுக்கு எதிரான கோலைப் பாருங்கள். மிட்ஃபீல்டர் ஸகோராகிஸ் வலது ஓரத்தில் லிசராசுவின் தலைக்கு மேல் பந்தைத் தூக்கிவிட்டு ஓடி கிராஸ் போடுகிறார். கரிஸ்டியாஸ் ஆளில்லாமல் நின்று முட்டுகிறார். பத்துப் பேர் பின்னால் நின்றிருந்தால் அந்த கிராஸ் எங்கிருந்து வரும்? முதல் ஆட்டத்தில் போர்ச்சுகலுக்கு எதிராக ஏழாவது நிமிடத்தில் கரகூனிஸ் அடித்தது தூரத்திலிருந்து, காலால்.

கே: (அதே வாசகர்) ஒரு கிராஸைக் காட்டித் தப்பிக்கப் பார்க்கிறீர்கள். ஸ்வீப்பரை (தற்காப்புக்கும் பின்னால் கடைசியாக நிற்பவரை) நிறுத்தி ஆளுக்கு ஆள் பிடித்து ஆடுவதை உலகமே 2004-க்கு முன்பே கைவிட்டுவிட்டது. பழைய சாமானை வைத்து ஜெயித்தார், அதுதானே உண்மை?

பழையதுதான். நான் மறுக்கவில்லை. மற்ற அணிகள் நான்கு பேர் ஒரே வரிசையில் நின்று இடத்தைக் காத்தபோது, இவர் டெல்லாஸைக் கடைசியில் நிறுத்தி, முன்னால் செய்டாரிடிஸையும் காப்சிஸையும் எதிரணி ஃபார்வர்டுகள் மேல் ஒட்டவைத்தார். பிரான்சுக்கு எதிராக ஹென்றியோடு செய்டாரிடிஸ். ஹென்றி போன இடமெல்லாம் அவரும் போனார்.

ஏன் அப்படிச் செய்தார்? ஆளுக்கு ஆள் ஆட்டத்துக்கு எதிராக ஆடுவது எப்படி என்பது அந்தத் தலைமுறை ஃபார்வர்டுகளுக்கு மறந்துபோயிருந்தது. அதே சமயம், வருடத்தில் சில வாரமே கூடும் அணிக்கு 'இவர் உன் ஆள், விடாதே' என்பதைச் சொல்லிக்கொடுப்பது சுலபம். வரிசையாக நகர்ந்து இடம் காப்பதைப் பழக்க நிறைய நாள் வேண்டும். அவரிடம் நாள் இல்லை. தன்னிடம் இருந்த ஆட்டக்காரர்களுக்கு என்ன முடியுமோ அதை ஆடவைத்தார். ஜெர்மன் பாணியைக் கிரீஸில் கொண்டுபோய்த் திணித்தார் என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

கே: பள்ளி அணி ஒன்றைப் பயிற்றுவிக்கிறேன், கோவை. முன்னவர் சொல்வதோடு எனக்கு உடன்பாடு இல்லை, உங்களோடும் முழுதாக இல்லை. ஆள் பிடித்து ஆடுவது சுலபம் என்கிறீர்கள். பசங்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தால் ஒருவன் ஏமாந்ததும் மொத்தமும் கலைந்துவிடுகிறது.

நீங்கள் சொல்வது சரி. சுலபம் என்றது புரியவைப்பதைத்தான், ஆடுவது கஷ்டம். ஒருவர் தாண்டப்பட்டால் பின்னால் டெல்லாஸ் இருந்தார். அவர் உயரமும் நிதானமும் இல்லாமல் அந்த ஏற்பாடே நிற்காது. முன்னால் பசினாஸும் கட்சுரானிஸும் ஓயாமல் ஓடினார்கள். உங்கள் பசங்களில் அப்படி ஒரு கடைசி ஆள் இல்லையென்றால் முயற்சி செய்யாதீர்கள்.

கே: ('கால்பந்தையே கொன்றது' என்ற வாசகர், மூன்றாம் முறை) அரையிறுதியில் செக் அணியின் நெட்வெட் காயம்பட்டு வெளியேறினார், ரொசிட்ஸ்கி அடித்தது கம்பத்தில் பட்டது. அதையும் திட்டம் என்பீர்களா?

மாட்டேன். செக் அணிதான் அந்தப் போட்டியின் சிறந்த அணி என்பது என் கருத்து. நெட்வெட் முதல் பாதியிலேயே வெளியேறாமல் இருந்திருந்தால் கதை மாறியிருக்கலாம். பிரிவுச் சுற்றிலும் கிரீஸ் ஆட்டக்காரர்கள் கடைசியில் ரஷ்யாவிடம் 2-1 தோற்று, ஸ்பெயினோடு புள்ளியும் கோல் வித்தியாசமும் சமமாகி, அதிக கோல் அடித்ததால் மட்டுமே தப்பினார்கள். அதிர்ஷ்டம் இருந்தது.

ஆனால் அரையிறுதியின் கூடுதல் நேரத்தைத் திரும்பப் பாருங்கள். அப்போது வெள்ளி கோல் விதி: கூடுதல் நேரத்தின் முதல் பாதி முடியும்போது முன்னிலையில் இருப்பவர் வென்றவர். அந்தப் பாதியின் கடைசிக் கணத்தில் சியார்டாஸ் கார்னர் எடுக்க, டெல்லாஸ் முட்டினார். செக் அணிக்குப் பதில் சொல்ல நேரமே இல்லை. முன் கம்பத்துக்கு வந்த அந்த கார்னரை அணி பழகி வைத்திருந்தது. இறுதி ஆட்டத்தில் 57-ஆம் நிமிடம் பசினாஸ் எடுத்த கார்னரில் கரிஸ்டியாஸ் முட்டியதும் பழகியதுதான். இந்த விவாதத்தை இதோடு நிறுத்திக்கொள்கிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கே: இறுதி ஆட்டத்தை நேரலையில் பார்த்தீர்களா?

பார்த்தேன். நம் நேரத்துக்கு நள்ளிரவு தாண்டித்தான் தொடங்கியது. கரகூனிஸ் தடையில் இருந்ததால் ஆடவில்லை என்பதே எனக்குப் பெரிய கவலை. லிஸ்பனில் பென்ஃபிகாவின் மைதானம்; கிரீஸின் ஃபிஸ்ஸாஸ் அப்போது பென்ஃபிகா ஆட்டக்காரர், ஆக அவருக்கு அது சொந்த மைதானம். நடுவர் மார்கஸ் மெர்க் கைசர்ஸ்லாட்டர்ன்காரர்.

கே: குளோப்பா ரேஹாகெலா?

மேலே சொல்லிவிட்டேன்.

கே: சொந்த நாட்டு அணி அவரைக் கூப்பிடவே இல்லையா?

கூப்பிட்டது. அதே யூரோவில் ஜெர்மனி முதல் சுற்றிலேயே வெளியேறி, பயிற்சியாளர் ஃபோலர் விலகினார். ஜூலையில் ரேஹாகெலைக் கேட்டார்கள். மறுத்துவிட்டு கிரீஸிலேயே இருந்தார். வேலை கிளின்ஸ்மனுக்குப் போனது. வெளிநாட்டவர் ஒருவர் யூரோ கோப்பை வென்றது அவர் ஒருவர்தான்.

கே: பினாங்கிலிருந்து. வைகாங் பற்றிச் சொல்லுங்கள் அண்ணா, எங்கள் அப்பா அடிக்கடி சொல்வார்.

கார்ல்-ஹைன்ஸ் வைகாங். 1966-இல் தென் வியட்நாமை மலேசியாவின் மெர்டேக்கா கோப்பைப் போட்டியில் வெல்லவைத்தவர். மலேசிய அணியையும் பயிற்றுவித்தார். கோல்கீப்பர் ஆறுமுகம் ஆடிய காலம் அது. உங்கள் அப்பாவுக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருக்கும், அவர் சொல்வதை எழுதி வையுங்கள். ஆசியாவில் ஜெர்மானியர் என்றால் டெட்மார் கிராமரையும் கேளுங்கள். 1968 ஒலிம்பிக்கில் ஜப்பான் வெண்கலம் வென்றதற்கு வேர் போட்டவர் அவர்.

கே: குளோப் இல்லையென்றால் ரேஹாகெல்தானே சிறந்தவர்?

இந்த ஒப்பீடு இனி வேண்டாம்.

கே: 2004-க்குப் பிறகு சரிந்துவிட்டார் என்கிறார்களே?

சரிவு இருந்தது. கோப்பை வென்ற இரண்டே மாதத்தில் டிரானாவில் அல்பேனியாவிடம் 2-1 தோல்வி. 2006 உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை. யூரோ 2008-இல் மூன்று ஆட்டமும் தோல்வி. வென்ற ஆட்டக்காரர்களை அவர் நீண்ட நாள் வைத்துக்கொண்டார் என்பது என் குறை.

ஆனால் 2010 உலகக் கோப்பைக்கு, உக்ரைனை அவர்கள் ஊரில் 1-0 என்று வென்று அணியைக் கொண்டுபோனார். தென்னாப்பிரிக்காவில் நைஜீரியாவுக்கு எதிராக சால்பிங்கிடிஸ் போட்டதுதான் உலகக் கோப்பையில் கிரீஸின் முதல் கோல். 2-1 வெற்றியும் அங்கே முதல் வெற்றி. கடைசி ஆட்டம் அர்ஜென்டினாவோடு. ரேஹாகெலுக்கு 71 வயது. அன்று மெஸ்ஸி முதல் முறையாக அர்ஜென்டினாவின் கேப்டன். அவர் மேல் யாரை விட்டார் தெரியுமா? இளம் பாபஸ்டதோபுலோஸை, ஆளுக்கு ஆள், மெஸ்ஸி போன இடமெல்லாம். 77-ஆம் நிமிடம் வரை 0-0. பிறகு டெமிகெலிஸ் ஒன்று, பலெர்மோ ஒன்று என்று 2-0 ஆனது. மெஸ்ஸி கோல் போடவில்லை. அந்த ஆட்டத்தோடு ரேஹாகெல் கிரீஸை விட்டுப் போனார்.