நர்சிங் வகுப்பில் எல்லா இனத்துப் பெண்களும் ஏன் வேண்டும்?

"நர்சிங், பிரசவம் பார்க்கும் படிப்பில் எல்லா இனத்து, எல்லா மொழிப் பெண்களும் வேண்டும் என்கிறார்களே, திறமை இருந்தால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். திருப்பூர்ப் பக்கம் மாணவிகளுக்கு லேபர் வார்டில் பயிற்சி கொடுக்கிறவள் நான். போதாது என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

பனியன் கம்பெனி வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த பெண். சுகப்பிரசவம், நஞ்சும் விழுந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் "முண்டொ புலாவுச்சி" என்று முனக ஆரம்பித்தாள். அந்த முதல் சொல் நம் காதுக்கு எப்படிக் கேட்கும்? "பிரசவம் பார்த்தவங்களையே திட்டறா பாருங்க" என்று ஒரு சிஸ்டர் முகம் சுளித்தார். நானும் தையல் வலி என்றுதான் நினைத்தேன். பின்னால் நின்ற மாணவி ஒருத்தி, அவளுடைய அப்பா அம்மா ஒடிசாவிலிருந்து மில் வேலைக்கு வந்தவர்கள், "மேடம், தலை சுத்துதுன்னு சொல்றாங்க" என்றாள். துணியை விலக்கினால் பேடு ஊறி விரிப்பு வரை ரத்தம். வயிற்றில் கை வைத்தால் கர்ப்பப்பை இறுகாமல் தொளதொளவென்று கிடக்கிறது. தேய்த்துவிட்டு, கர்ப்பப்பையை இறுக வைக்கும் ஆக்ஸிடோசின் மருந்து ஏற்றி, டாக்டரும் ஓடி வந்து, பிழைத்துக்கொண்டாள். சுகப்பிரசவத்தில் 500 மில்லி ரத்தம் போனாலே உஷாராக வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனாலும் அன்று அந்தச் சீலையை விலக்க வைத்தது அந்த மாணவியின் காதுதான்.

தோல் விஷயமும் இருக்கிறது. பிறந்த குழந்தையின் நிலைக்கு மதிப்பெண் போடும் ஆப்கார் அளவை 1953-இல் வெளியானது. அதில் குழந்தை உடம்பு முழுக்க ரோஜா நிறமாக இருந்தால் நிறத்துக்கு முழுசாக 2 மதிப்பெண். கறுத்த குழந்தைக்கு இதை எப்படிப் போடுவது? நாக்கையும் உதட்டின் உள்பக்கத்தையும் பார்க்கச் சொல்லித் தருகிறேன். எல்லா நிறத்துப் பிள்ளைகளும் வகுப்பில் இருந்தால் இந்தக் கேள்வி தானாகவே எழும்.

அப்புறம் நம் மலைப் பிள்ளைகள். ஆனைமலைக் காடர், மலசர், சத்தியமங்கலம் மலை ஊராளி, சோளகர் வீட்டுப் பெண்கள் வகுப்புக்கு ஒருத்தி வந்தாலே அபூர்வம். எனக்குத் தெரிந்த ஒருத்தி முதல் வருஷத்திலேயே நின்றுவிட்டாள். நல்ல மார்க் எடுத்தவள். விடுதியில் அவள் பக்கத்தில் தட்டு வைத்துச் சாப்பிட மற்ற பிள்ளைகள் மறுத்தார்கள், கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. நானும் அப்போது வாய் திறந்திருக்க வேண்டும். அவள் ஊரில் பிரசவத்துக்குக் கீழே இறங்க பயப்படும் பெண்களிடம் அவள் பேச்சில் போய்ப் பேச இன்றைக்கு யார் இருக்கிறார்கள்?

அந்த ஒடியா மாணவி இப்போது ஸ்டாஃப் நர்ஸ். வார்டுச் சுவரில் ஒடியா, இந்தி, வங்காளச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள். முதல் வரி, தலை சுற்றுகிறது.