கிட்டப் போய்வர ஒரு எலக்ட்ரிக் சைக்கிள்: வாசகர் கேள்வி பதில்

2022 பெட்ரோல் கியூவோட கொழும்பு ரோட்டுக்கு சைக்கிள் திரும்பி வந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். இப்ப வாற கடிதங்கள் பாதி எலக்ட்ரிக் சைக்கிளப் பத்தித்தான், அதுவும் முதல் தடவையா வாங்கப்போற ஆக்கள்ட்ட இருந்து. அதால இந்தமுறை பக்கம் முழுக்க அதுக்கே குடுத்திருக்கிறன்.

கேள்வி (வாசகி, வெள்ளவத்தை): அண்ணா, எனக்கு கோட்டையில வேலை. போக வர 15, 16 கிலோமீற்றர் வரும். 100, 101 பஸ்ஸில நசுங்கி நசுங்கிப் போய் அலுத்திட்டுது. கடையில ஒரு சைக்கிள் 40 கிலோமீற்றர் ஓடும், இன்னொண்டு 90 ஓடும் எண்டு சொல்லுகினம், விலையில பெரிய வித்தியாசம். கடன் எடுத்தாவது பெரிசையே வாங்கட்டோ? நாங்கள் மூண்டாம் மாடி, லிஃப்ட் அடிக்கடி நிண்டுபோகும்.

பதில்: தங்கச்சி, கடன் எடுக்காதேங்கோ. அந்த 90 எண்டது மெலிஞ்ச ஒராள், ஆகக் குறைஞ்ச உதவி லெவல்ல (மோட்டர் எவ்வளவு உதவவேணும் எண்டு நாங்கள் வைக்கிற அளவு), காத்தில்லாத சமதரையில, நிக்காமல் ஓடினா வாற கணக்கு. காலி வீதியில ஹோல்டுக்கு ஹோல்ட் பஸ்ஸுக்குப் பின்னால நிண்டு நிண்டு எடுத்தா அது கிட்டவும் வராது. 40 எண்டுறதுக்கும் அதே கதைதான்.

நீங்களே கணக்குப் போடலாம். பட்டரியில வோல்ட் எவ்வளவு, அம்பியர் அவர் எவ்வளவு எண்டு எழுதியிருக்கும், ரெண்டையும் பெருக்குங்கோ. 36 வோல்ட், 10 அம்பியர் அவர் எண்டா 360 வாட் அவர், பட்டரிக்குள்ள இருக்கிற சக்தி அவ்வளவு. நீங்களும் மிதிச்சு மோட்டரும் உதவினா கிலோமீற்றருக்கு 10இல இருந்து 15 வாட் அவர் வரைக்கும் போகும், கூடினதையே எடுப்பம், 360ஐ 15ஆல பிரிச்சா 24 கிலோமீற்றர். உங்கட 16க்கு அது தாராளம். பட்டரி பழசாகி ஐஞ்சில ஒரு பங்கு சக்தி குறைஞ்சாலும் 19 வரும், அதுக்கும் மேல வேணுமெண்டா ஒபிஸில சார்ஜ் போட விடுவினமோ எண்டு இப்பவே கேட்டு வையுங்கோ. கரண்ட் பில்லப் பத்திப் பயப்பிடத் தேவையில்ல, முழுசா ஒருக்கா ஏத்த அரை யூனிட்டுக்குக் கிட்டத்தான் வரும்.

உங்களுக்கு உண்மையா முக்கியம் பாரம். பெரிய பட்டரி போட்ட சைக்கிள்கள் 28, 30 கிலோ வரும், சின்னது 20 கிலோ அளவில கிடைக்கும். லிஃப்ட் நிண்ட நாளில மூண்டு மாடி தூக்கிறது நீங்கள்தானே, அதால கடையில ஓடிப் பாக்கிறதுக்கு முதல் தூக்கிப் பாருங்கோ, நாலு படி ஏறிப் பாருங்கோ, கடைக்காரர் என்ன நினைச்சாலும் பரவாயில்ல. சைக்கிளக் கீழ பூட்டி வைக்கிறது எண்டா பட்டரி கழட்டிக் கொண்டு போகக்கூடியதா இருக்கவேணும், கழட்டினா அது மூண்டு கிலோ அளவுதான். விலை குறைவு எண்டு லெட் அசிட் பட்டரி போட்டதக் காட்டினா வேண்டாம் எண்டு சொல்லுங்கோ, அந்தப் பாரத்தோட பட்டரி முடிஞ்ச இடத்தில மிதிச்சுக்கொண்டு வீட்ட வர ஏலாது, ஆயுளும் லித்தியத்த விடக் குறைவு.

சாறியோ சல்வாரோ உடுத்துப் போறீங்கள் எண்டா நடுக்கம்பி பதிஞ்ச ஃப்ரேமா எடுங்கோ, காலத் தூக்கிப் போடத் தேவையில்ல, செயினுக்கு முழு மூடியும் பின்சில்லுக்கு வலையும் இருக்கவேணும். காசு மிஞ்சினா அத பட்டரியில போடாமல் நல்ல டிஸ்க் ப்ரேக்கில போடுங்கோ.

கேள்வி (வாசகர், கொட்டாஞ்சேனை): மருதானைக்குப் போய்வர ஒரு சைக்கிள் பாக்கிறன். சில்லுக்குள்ள மோட்டர் இருக்கிறது நல்லதோ, பெடலுக்கிட்ட இருக்கிறது நல்லதோ? 250 வாட் எங்கட வுல்ஃபென்டால் ஏத்தத்துக்குக் காணுமோ, 500 எடுக்கட்டோ? சென்சர் எண்டும் ஏதோ சொல்லுகினம்.

பதில்: ஐரோப்பாவில லைசன்ஸ் இல்லாமல் ஓடுற எலக்ட்ரிக் சைக்கிளுக்கு உச்ச வரம்பே 250 வாட்டும் மணிக்கு 25 கிலோமீற்றரும்தான், அந்த மோட்டரோட அங்க மலை நாடுகள்லயும் வேலைக்குப் போகினம். கொழும்பு பெரும்பாலும் சமதரை. உங்கட ஏத்தத்தில கொஞ்சம் கியரக் குறைச்சு நீங்களும் மிதிச்சா 250 காணும். முன்னுக்குப் பிள்ளை, பின்னுக்குச் சாமான் எண்டு ஏத்திக்கொண்டு போற ஆளெண்டா மட்டும் யோசிக்கலாம்.

மோட்டர் சில்லுக்குள்ளயே இருக்கட்டும். விலை குறைவு, பழுதானா சில்லோட கழட்டிப் பாக்கலாம், செயின் கெதியில தேயாது. பெடலடி மோட்டர் ஏத்தத்தில அருமையா இழுக்கும், ஆனா அந்த விசை முழுக்கச் செயினாலதான் போகுது, பழுதானா பாக்கத் தெரிஞ்ச ஆளத் தேடவேணும்.

சென்சர் விசயத்த தயவுசெய்து அலட்சியம் பண்ணாதேங்கோ. ஒரு வகை, பெடல் சுத்துதா இல்லையா எண்டத மட்டும் பாக்கும், சுத்தத் தொடங்கிக் கொஞ்சம் பிந்தித்தான் மோட்டர் இழுக்கும், நீங்கள் மிதிக்கிறத நிப்பாட்டின பிறகும் ஒரு கணம் தள்ளும். மற்றது நீங்கள் எவ்வளவு அழுத்திறீங்களோ அதுக்கேத்த மாதிரி உதவும், விலை கூட. முன்னுக்கு பஸ், பக்கத்தில த்ரீவீல், இடையில ஒரு மீற்றர் இடத்தால ஊர்ந்து போகேக்க அந்தச் சின்னத் தள்ளல்தான் ஆள விழுத்திறது. காசு கட்டுமெண்டா ரெண்டாவது வகை. கட்டாதெண்டா முதல் வகையே எடுங்கோ, ஆனா ப்ரேக்கத் தொட்ட உடன மோட்டர் நிக்கிற கட்-ஆஃப் ரெண்டு ப்ரேக் கைப்பிடியிலயும் இருக்கவேணும். கடையில பின்சில்லத் தூக்கிப் பிடிச்சு, பெடலச் சுத்தி மோட்டர் ஓடத் தொடங்கினதும் ஒவ்வொரு கைப்பிடியா லேசாத் தொட்டுப் பாருங்கோ. நிக்கேல்லயெண்டா அந்தச் சைக்கிள் வேண்டாம். ரோட்டில சனம் நெருக்கமான இடத்தில உதவி லெவல ஒண்டில வச்சுப் பழகுங்கோ.

கேள்வி (வாசகர், தெஹிவளை): லைசன்ஸ் வேணுமோ?

பதில்: எலக்ட்ரிக் ஸ்கூட்டர், எலக்ட்ரிக் மோட்டார் சைக்கிள் எண்டா பதிவு, நம்பர் ப்ளேட், இன்ஷூரன்ஸ், லைசன்ஸ் எல்லாம் வேணும். கைப்பிடிய முறுக்கினாலே ஓடுற, பெடல் பேருக்கு மட்டும் பூட்டியிருக்கிற வண்டிய "இது சும்மா சைக்கிள்தான்" எண்டு ஆரும் சொன்னா அந்த வாய்ச்சொல்ல நம்பிக் காசு குடுக்காதேங்கோ. மொடல், மோட்டர் வாட், வேகம் மூண்டையும் எழுதி வாங்கிக்கொண்டு நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில கேட்டிட்டுப் பிறகு வாங்குங்கோ.

கேள்வி (வாசகி, கிருலப்பனை): அண்ணா, வாங்கி ஒரு மாசமாகுது. முழங்கால் முன்பக்கம் நோகுது, உள்ளங்கை விறைக்குது, இப்ப பின்சில்லில "டிக் டிக்" எண்டு சத்தமும் வருது. கடையில கேட்டா ஓட ஓடச் சரிவரும் எண்டினம். நான் இதுக்குத் தோதில்லாத ஆளோ எண்டு யோசனையா இருக்கு.

பதில்: நீங்கள் தோதான ஆள்தான் தங்கச்சி, சைக்கிளத்தான் இன்னும் உங்களுக்குத் தோதாக்கேல்ல. கடையில பெட்டியப் பிரிச்சுப் பூட்டித் தாறதோட வேலை முடியிறேல்ல, ஆனா கனபேருக்கு அதோடயே விட்டுடுகினம். எனக்கு இதில உண்மையாவே கவலை, நல்ல சைக்கிள வாங்கின ஆக்கள் நோவால ஓடாமல் விட்டு அது பால்கனியில கறள் பிடிக்குது.

முதல் சீட். ட்ராஃபிக்கில பயத்துக்கு ரெண்டு காலும் முழுசா நிலத்தில ஊண்டவேணும் எண்டு எல்லாரும் சீட்டப் பதிச்சு வைக்கிறம், முன்பக்க முழங்கால் நோவுக்கு அதுதான் வழக்கமான காரணம். சுவரப் பிடிச்சுக்கொண்டு சீட்டில இருங்கோ, ஒரு பெடலக் கீழ விட்டு அதில குதிக்காலை வையுங்கோ, கால் நேரா நீட்டுப்படவேணும். பிறகு வழக்கம்போல முன்பாதத்த வச்சு மிதிச்சா முழங்கால் கொஞ்சமா மடங்கியிருக்கும், அதுதான் அளவு. அப்ப நிலத்தில விரல் நுனிதான் படும், பயமா இருந்தா ஒரேயடியா உயத்தாமல் கிழமைக்கு ஒரு சென்ரிமீற்றரா உயத்துங்கோ, நிக்கேக்க சீட்டில இருந்து முன்னுக்கு இறங்கி நிக்கப் பழகுங்கோ. சீட் கம்பியில ஒரு கோடு கீறியிருக்கும், அது வெளியில தெரியிற அளவுக்கு மட்டும் இழுக்கவேண்டாம், கம்பி முறியும்.

உள்ளங்கை விறைக்கிறது உடம்புப் பாரம் கையில இறங்கிறதால. சீட்டின்ட மூக்கு கீழ சரிஞ்சிருக்கோ எண்டு பாருங்கோ, சரிஞ்சிருந்தா சமனாக்குங்கோ. அப்படியும் நிக்கேல்லயெண்டா ஹாண்டில் உங்களுக்குத் தூரமா இருக்கு, உயத்தி கிட்டக் கொண்டுவரவேணும். ப்ரேக் கைப்பிடியையும் கொஞ்சம் கீழ சரிச்சு, முன்கையும் மணிக்கட்டும் விரலும் ஒரே கோட்டில வாற மாதிரி வையுங்கோ. கை சின்னனெண்டா கைப்பிடியக் கிட்ட இழுக்க ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், எலன் கீயால திருப்பலாம். எந்தக் கை முன் ப்ரேக் எண்டும் பாத்து வையுங்கோ, இறக்குமதிச் சைக்கிள்கள்ல மாறியும் வரும்.

அந்த டிக் டிக்க மட்டும் தள்ளிப் போடாதேங்கோ. மோட்டர் சில்லுக்குள்ள இருந்தா கம்பிகளுக்கு இழுவை கூட, புதுச் சில்லில முதல் கிழமைகள்லயே கம்பி தளரும், தளந்த கம்பியோட ஓடினா ஒண்டு முறிஞ்சு மற்றதெல்லாம் பின்னால முறியும். பக்கத்துப் பக்கத்துக் கம்பி ரெண்ட சேத்து விரலால அமத்திப் பாருங்கோ, ஒண்டு மட்டும் லூசா இருந்தா தெரிஞ்சிடும். இதுக்கு எலக்ட்ரிக் ஆள் தேவையில்ல, சில்லு கோட்டம் எடுக்கத் தெரிஞ்ச பழைய சைக்கிள் கடைக்காரர் போதும், அந்த ஐயாக்கள்ட கை அதில நல்லா ஓடும். அப்பவே அச்சு நட் ரெண்டையும் இறுக்கச் சொல்லுங்கோ, மோட்டர் திருகிற விசையில அது தளரக்கூடாது. காத்து எவ்வளவு அடிக்கிறதெண்டு டயரின்ட பக்கத்தில அச்சடிச்சிருக்கும், மோட்டர் இருக்கிற சில்லுக்கு அந்த அளவின்ட மேல்பக்கத்துக்குக் கிட்ட அடியுங்கோ. காத்துக் குறைஞ்சா பட்டரியும் கெதியில இறங்கும், குழியில விழேக்க ட்யூபும் போகும்.

கேள்வி (வாசகர், பம்பலப்பிட்டி): மெரைன் ட்ரைவாலதான் போறனான். உப்புக்காத்து, மழை ரெண்டுக்கும் தாங்குமோ? எங்கட ப்ளட்ஸ் கமிட்டி உள்ளுக்க சார்ஜ் போடவேண்டாம் எண்டுது, அவையள் பயப்பிடுறது சரியோ?

பதில்: மழை தாங்கும், வெள்ளம் தாங்காது. ஐபிஎக்ஸ்4 எண்டு போட்டிருந்தா நாலு பக்கத்தால தெறிக்கிற தண்ணிக்குத்தான் அது, முங்கிறதுக்கில்ல. வயர் மோட்டருக்குள்ள போறது சில்லின்ட அச்சாலதான், ஆமர் வீதி மாதிரி இடத்தில தண்ணி அச்சு மட்டத்துக்கு நிண்டா இறங்கி வேற வழி பாருங்கோ. கழுவேக்க பைப்பால பீச்சி அடிக்கவேண்டாம்.

உப்பு மெதுவாத் தின்னும். மே மாசத்தில இருந்து செப்டம்பர் வரைக்கும் கடல் கொந்தளிச்சு அந்த ரோட்டில உப்புத் தூவானம் அடிக்கும், அந்தக் காலத்தில கிழமைக்கு ஒருக்காவாவது ஈரத்துணியால ஃப்ரேம், கம்பி, நட் எல்லாம் துடைச்சு, செயினக் காயவிட்டு எண்ணெய் போடுங்கோ. பட்டரி பொருந்திற இடத்தில இருக்கிற பித்தளைத் தகட்டில பச்சை பிடிக்குதோ எண்டும் பாருங்கோ, அத உலர்ந்த துணியால துடைச்சாக் காணும்.

கமிட்டியில பிழையில்ல. லித்தியம் பட்டரி பத்தினா அடங்காது, பத்திறதும் பெரும்பாலும் பிழையான சார்ஜராலயோ, அடிபட்ட பட்டரியாலயோ, ஆரோ பிரிச்சு ஒட்டின பட்டரியாலயோ. 36 வோல்ட் லித்தியம் அயன் பட்டரிக்கு 42 வோல்ட் சார்ஜர், 48க்கு 54.6 வோல்ட், அது சார்ஜரில எழுதியிருக்கும். முனை பொருந்துது எண்டு மற்றதக் குத்தவே கூடாது. ஓடி வந்த சூட்டோட போடாமல் ஆறவிட்டுப் போடுங்கோ, ரெண்டு அம்பியர் சார்ஜரில வெறும் பட்டரி நிரம்ப ஐஞ்சு மணித்தியாலம் அளவு எடுக்கும், அதால பின்னேரம் வந்து போட்டா படுக்க முதல் கழட்டலாம், நித்திரையில போட்டுவிடத் தேவையே இல்ல. வாசல் கதவுப் பக்கம் வைக்கவேண்டாம், அவசரத்துக்கு வெளிய போற வழி அதுதானே. ஊதின பட்டரி, விழுந்து நசுங்கின பட்டரி ரெண்டையும் வீட்டுக்குள்ளயே எடுக்காதேங்கோ.

கமிட்டியோட சண்டை பிடிக்காமல், கீழ கார் பார்க்கில மழை படாத ஒரு மூலையில சீமெந்துச் சுவரோட ஒரு 13 அம்பியர் ப்ளக் பொயின்ட் கேளுங்கோ, சைக்கிள் வச்சிருக்கிற மற்ற வீட்டுக்காரரையும் சேத்துக்கொண்டு கேட்டா தருவினம். சார்ஜர் இழுக்கிறது ஒரு 100 வாட் அளவுதான், பழைய குண்டு பல்ப் ஒண்டு இழுக்கிற கரண்ட், பில்லுக்கு மாசம் இவ்வளவு எண்டு ஒரு தொகைய முதலே பேசிடுங்கோ.