எபெட்ஸ் ஃபீல்ட்: வயதானதால் இடிக்கவில்லை

கேள்வி: நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த எபெட்ஸ் ஃபீல்ட் பேஸ்பால் மைதானத்தை இடித்ததற்காக அங்கே இன்னும் வருந்துகிறார்களாமே? பழசானால் இடிக்கத்தானே வேண்டும்?

பதில்: பழசானதால் இடித்தார்கள் என்று யார் சொன்னது? எபெட்ஸ் ஃபீல்ட் 1913-ல் திறந்தது. 1912-ல் திறந்த பாஸ்டனின் ஃபென்வே பார்க்கிலும், 1914-ல் திறந்த சிகாகோவின் ரிக்லி ஃபீல்டிலும் இன்றும் ஆட்டம் நடக்கிறது. கூட்டம் வரவில்லையா என்றால் அதுவும் இல்லை. டாட்ஜர்ஸ் அணி அங்கே ஆடிய கடைசி வருடமான 1957-ல்கூட அணியின் சொந்த ஊர் ஆட்டங்களுக்கு மொத்தம் 10 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள்.

இருக்கைகள் சுமார் 32,000 தான், கார் நிறுத்த இடம் மிகக் குறைவு என்பது உண்மை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ரசிகர்கள் பலர் புறநகருக்குக் குடிபோய், காரில் வரத் தொடங்கியிருந்தார்கள். அணியின் உரிமையாளர் வால்டர் ஓமாலி, புரூக்ளினிலேயே ரயில் நிலையத்தை ஒட்டி அட்லாண்டிக் அவென்யூவில் புது மைதானம் கட்ட இடம் கேட்டார். நகரத்தின் கட்டுமானங்களைத் தன் பிடியில் வைத்திருந்த ராபர்ட் மோசஸ் மறுத்துவிட்டு, குவீன்ஸில் உள்ள ஃப்ளஷிங்கைக் காட்டினார். லாஸ் ஏஞ்சலஸ் நிலம் தருகிறேன் என்றது, ஓமாலி கிளம்பிவிட்டார். என்னைக் கேட்டால் இருவருமே பொறுப்பு. விட்டுக்கொடுக்காத மோசஸுக்குக் கொஞ்சம் கூடுதல் பங்கு.

அங்கே இழந்தது வெறும் கட்டடம் அல்ல. குப்பைமேடாகக் கிடந்த பகுதியில் துண்டு துண்டாக நிலம் வாங்கினார் அணியின் அன்றைய உரிமையாளர் சார்லஸ் எபெட்ஸ். பணம் போதாமல், அணியில் பாதிப் பங்கை மெக்கீவர் சகோதரர்களுக்குக் கொடுத்துத்தான் மைதானத்தை முடித்தார். 1947 ஏப்ரல் 15 அன்று கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சன் டாட்ஜர்ஸ் அணிக்காக இங்கேதான் களமிறங்கினார். நவீன பேஸ்பாலின் பெரிய லீக்குகளில் கறுப்பினத்தவரைச் சேர்க்காத நிறத்தடை அன்று உடைந்தது. ஹில்டா செஸ்டர் என்ற ரசிகை மாட்டுமணியை ஆட்டியபடி கத்துவது ஆட்டக்காரர்களின் காதில் விழும், அவ்வளவு நெருக்கம். ஸ்கோர்போர்டின் அடியில் ஏப் ஸ்டார்க் என்ற துணிக்கடைக்காரரின் விளம்பரப் பலகை. பந்து அதில் பட்டால் ஒரு சூட் இலவசம்! நியூயார்க்கின் இன்னொரு அணியான யாங்கீஸிடம் 5 முறை இறுதித் தொடரில் தோற்று, 1955-ல் ஒருவழியாக ஜெயித்த அணி, இரண்டே வருடத்தில் ஊரை விட்டுப் போனால் வருந்தாமல் என்ன செய்வார்கள்?

1960-ல் இடிக்கத் தொடங்கி, அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டினார்கள். அப்புறம் 2009-ல், மோசஸ் காட்டிய அதே ஃப்ளஷிங்கில், நியூயார்க்கின் மெட்ஸ் அணிக்காக, எபெட்ஸ் ஃபீல்டின் முகப்பைப் போலவே அமைத்து, சிட்டி ஃபீல்ட் மைதானத்தைக் கட்டினார்கள். அதன் நுழைவு மண்டபத்துக்கு ஜாக்கி ராபின்சன் பெயர். அவர் ஒருநாளும் ஆடாத மைதானம் அது.